வாத்து நட்ட பாசி

ஊர்ச் சபையில் சத்துர்னினோ அதிகம் பேசவில்லை. "என் கும்பாவைக் கேளுங்க. அவர் சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

கும்பா என்றால் நிக்கனோர். அவன் மகளுக்கு முதல் முடி இறக்கியபோது கத்திரி பிடித்த ஞானத்தகப்பன் சத்துர்னினோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கும்பா என்றுதான் கூப்பிட வேண்டும், நீங்க என்றுதான் பேச வேண்டும். சாராயம் தலைக்கேறினாலும் 'நீ' என்று வாயில் வரக்கூடாது. கூடப்பிறந்தவனோடு வரப்புக்கு அடித்துக்கொள்ளலாம். கும்பாவிடம் முகம் சுளிக்கக்கூடாது.

வழக்கு ஒரு குளத்துப் பாசியைப் பற்றியது. லாச்சு என்பார்கள். தண்ணீருக்கு வெளியே தலைகாட்டாது. அடியிலேயே வேர்விட்டு அடியிலேயே கொடியாக நீளும். பனியில் புல்லெல்லாம் கருகும் மாதங்களில் மாட்டுக்கு அதுதான் சோறு. மழை பொய்த்துப் பெரிய ஏரி பின்வாங்கியபோது கரையோர லாச்சு முழுக்கக் காய்ந்து, கிழிந்த கம்பளி மாதிரி சேற்றில் கிடந்தது. ஊரில் பாதி மாடு சந்தைக்குப் போனது. சத்துர்னினோ தன் இரண்டு பசுக்களை விற்கவில்லை. ஏரி இன்னும் ஆழமாக இருந்த இடத்துக்குப் போய், ஈரச் சாக்கில் சுற்றிக் கழுதைமேல் பாசி கொண்டுவந்தான். தன் வீட்டுக்குக் கீழே இருந்த குளத்தில் நட்டான்.

குளம் ஊருடையது. ஆனால் பாசிக்கு ஒரு பழைய நியாயம் உண்டு: தானாக வந்தது எல்லாருக்கும், கை நட்டது நட்ட கைக்கு.

நடுகிற நாளில் நிக்கனோர் அய்னிக்கு வந்தான். அய்னி என்றால் இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. நாளுக்கு நாள்தான் ஈடு. இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பாசியைப் பிடிபிடியாகச் சேற்றுருண்டையில் சொருகி, கோரையால் கட்டி அமிழ்த்தினார்கள். பனித் தண்ணீர். கால் இருக்கிறதா போயிற்றா என்று தெரியவில்லை.

"கும்பா, என் காலு உங்ககிட்ட வந்துடுச்சா பாருங்க, இங்க காணோம்" என்றான் நிக்கனோர். அப்படிச் சிரித்தார்கள்.

நடும்போது தலைவரைக் கூப்பிட்டு, கரையில் ஒரு சொட்டுச் சாராயம் ஊற்றி, நட்டவன் இவன் என்று சொல்லவைக்க வேண்டும். சத்துர்னினோவின் மனைவி இலாரியா அதைச் சொன்னாள். சத்துர்னினோ கேட்கவில்லை. "கும்பா கூட இருக்கறப்ப ஊரு எதுக்குடி?" என்றான். ஊரில் யாரையும் நம்பாதவன் அவன். நம்பியது ஒருத்தனைத்தான்.

பிறகு அந்தக் குளத்தைப் பிள்ளை மாதிரி பார்த்தான். மேலே படியும் பச்சை ஆடையைக் கூடையால் வழித்தான்; அது மூடினால் அடியில் வெளிச்சம் போகாது. பன்றி இறங்காமல் முள் வைத்தான். கழியில் அரிவாளைக் கட்டி நுனியை மட்டும் அறுத்தான், வேரைத் தொடவில்லை. தன் பசுக்களையே உள்ளே விடவில்லை. மாடு மிதித்தால் தண்ணீர் கலங்கும், கலங்கினால் பாசி மூச்சுமுட்டிச் சாகும். வாளியில் மொண்டு வெளியே குடிக்கவைத்தான். கால்வைக்கப் போனால் மூக்கில் அடி.

ஏரி திரும்பி வரவில்லை. குளம் பச்சையாக நிறைந்தது. ஊர்க்கண் அதன்மேல் விழுந்தது. சபை கூடியது.

தலைவர் கசிமிரோ கேட்டார்: "நிக்கனோர், இவரு நட்டாருங்கறாரு. நீங்க பாத்தீங்களா?"

நிக்கனோர் தொப்பியைக் கையில் சுற்றினான். கொழுக்கவைக்க இரண்டு காளை வாங்கிக் கட்டியிருந்தான் அவன்.

"பாசியப் போயி யாராச்சும் நடுவாங்களா தலைவரே? அது தானா வர்றது. வாத்து காலுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

சபை சிரித்தது. சத்துர்னினோ கும்பாவின் முகத்தைப் பார்த்தான். நிக்கனோர் தொப்பியைப் பார்த்தான். அத்தோடு முடிந்தது.

மறுநாள் ஊரே குளத்தில் இறங்கியது. அறுக்கவில்லை, கொக்கி போட்டு வேரோடு இழுத்தார்கள். முதல் சுமை நிக்கனோருடையது. சத்துர்னினோவுக்கு 'வாத்து' என்று பேர் வைத்தார்கள். பொடிசுகள்கூடக் குவாக் குவாக் என்றன.

"நீங்க நம்புன ஆளு" என்றாள் இலாரியா. அதுவே போதும்.

நிக்கனோர் வயலில் உருளைக்கிழங்கு தோண்டும் நாள் வந்தது. தலைவர் உட்பட அய்னிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சத்துர்னினோ வந்தான்.

"அடடே, வாத்துக்கும் கிழங்கு ஆசை!" என்றான் ஒருவன்.

சத்துர்னினோ நேராகப் போய் நின்றான். "ஒரு நாள் பாக்கி இருக்கு. குடுக்க வந்தேன்."

"எந்த நாளு கும்பா?"

"நீ என்கூட இடுப்புத் தண்ணியில நின்ன நாளு."

நீ. மண்வெட்டிகள் நின்றுவிட்டன.

நிக்கனோர் சுற்றிப் பார்த்தான். வாங்கிக்கொண்டால் நட்டது உண்மையாகிவிடும். வேண்டாம் என்றால், அய்னியை விட்டுக்கொடுத்த நிக்கனோரை அந்த ஊர் பார்த்ததே இல்லை. அரை நாள் பாக்கிக்காகச் சாவு வீட்டு வாசலில் போய் நின்றவன் அவன்.

"அப்படி ஒரு நாளே கெடையாது" என்றான்.

கிழங்குப் பானையோடு வந்த அவன் மனைவி பவுலினா பாதி காதில் வாங்கினாள். "ஏன் கெடையாது? அன்னிக்கு வெறைச்ச உங்க காலத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கையில்ல..." என்றவள், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவருக்கு வீட்டில் நான்கு மாடு. அவர் குனிந்து ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"இந்த வருசம் வெளச்சல் பரவாயில்ல" என்றார். மண்வெட்டிகள் மறுபடி ஓடின.

சத்துர்னினோ கடைசி வரிசையில் இறங்கி நாள் முழுக்கத் தோண்டினான். பவுலினா கிண்ணம் நீட்டினாள், வாங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மண்வெட்டியைத் துடைத்துத் தோளில் போட்டான். "ரெண்டு வாத்து நட்டுச்சு நிக்கனோர். ஒண்ணு நானு, ஒண்ணு நீ. கணக்குத் தீந்துச்சு."

மறுநாள் காலை ஊர் வழக்கம்போலக் கொக்கியோடு குளத்துக்கு வந்தது. வாத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார்கள், சில பேர் இரண்டு தடவை வைத்தார்கள். வைத்துவிட்டு இறங்கி இழுத்தார்கள். மரியாதை கூடியது, பாசி குறைந்தது.

சத்துர்னினோ பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முள்வேலியைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பசுக்களை அவிழ்த்து ஓட்டிவந்தான். தண்ணீர் ஓரத்தில் இரண்டும் நின்றுவிட்டன. மூக்கில் அடி விழும் என்று அவனையே திரும்பிப் பார்த்தன.

"எறங்குங்க" என்றான். "ஊருத் தண்ணிதான்."

அப்போதும் அவை இறங்கவில்லை. அவன் பின்னால் போய்த் தள்ள வேண்டியிருந்தது.