கீழருவிக்கு இறங்கும் வழி

அம்மா முதுகுப்பையை மாட்டிக்கொண்டு சமையலறையில் நின்றாள். யாரோ ஒரு ஜெர்மன்காரன் டூரிஸ்ட் முகாமில் விட்டுப்போன பை. மார்புப் பட்டையைப் பூட்டத் தெரியாமல் இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பாதிப் பொருள்கள் இப்படி வந்தவைதான். பாலைவன விளிம்பிலிருந்து சுமையோடு இறங்கி, நாள் முழுக்க நடந்து அருவி பார்க்க வருகிறவர்கள், திரும்பும்போது ஏற்றத்தை நினைத்துப் பயந்துபோய், கூடாரம், பாய், குட்டி அடுப்பு என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் பொறுக்கிக்கொண்டு வருவோம். அம்மா காலில் கிடந்ததும் அப்படி வந்த ஆம்பளைச் செருப்புதான். வீங்கிய பாதத்துக்கு வேறெதுவும் நுழையவில்லை.

"பூட்டி விடுடீ. பராக்குப் பார்த்துக்கிட்டு நிக்கிறா."

"கால் இருக்கிற லட்சணத்துக்கு உனக்கு அருவி கேக்குதா?"

"கேக்குது. கூட்டிட்டுப் போ. பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பதில். வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டரில் ஏறி, மேலே ஆஸ்பத்திரி இருக்கும் கிங்மன் நகரத்துக்கு வருகிறாளா, இல்லையா. அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த இயந்திரம் சாலையே இல்லாத எங்கள் பூர்வகுடிப் பள்ளத்தாக்கில் கிடையாது. டூரிஸ்ட்டுகளுக்கு ஐஸ்கிரீம் வானத்திலிருந்து வந்து இறங்குகிறது, இது இறங்காது. ஆகவே போனால் அங்கேயே குடியிருக்க வேண்டும். டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாவு பிசைந்தாள், கடையில் ரொட்டி பொரித்துப் போட்டாள், நாய்க்குச் சோறு வைத்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது பொதுச் சுகாதாரம். அந்தப் பட்டத்தை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அந்தப் படிப்பை வைத்து நான் செய்ய முடிந்ததெல்லாம், அவளுடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து, அவளுக்கு முன்னால் பயப்படுவது மட்டும்தான்.

வாய்க்கால் ஓரமாக, பருத்திமர நிழலில் நடந்தோம். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைச் சுவர். நடுவில் எங்களுக்கென்று ஒரு கீற்று வானம். அம்மா பத்தடிக்கு ஒருமுறை நின்று குதிரைச் சாணத்தை ஆராய்வது போல நடித்து மூச்சு வாங்கினாள். பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் விடவில்லை.

"பைக்குள்ள கூடாரம் எதுக்கும்மா? இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடப் போறோம்."

"அவங்க தூக்கிட்டுத்தானே போறாங்க? அப்படி அதுல என்னதான் இருக்குன்னு நானும் ஒரு நாள் பார்க்கிறேன்."

பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரி எங்களைப் பிடித்தாள். ஐம்பது வயதிருக்கும், மூக்கெல்லாம் வெள்ளையாகக் களிம்பு. எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரையும் நேசிக்கும் நிலையில் இருந்தாள்.

"உங்களுக்கும் முகாம்ல இடம் கிடைச்சிருச்சா! நாங்க நாலு வருஷமா முயற்சி பண்ணினோம். நீங்க எப்போ புக் பண்ணினீங்க?"

"பொறந்தப்பவே பண்ணிட்டேன்," என்றாள் அம்மா.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. முகம் சிவந்து, நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, நீங்க இந்த ஊரா! எவ்வளவு கொடுத்து வச்சவங்க!" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கொடுத்து வைத்தவளின் காலைக் குனிந்து பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். பலமாகவே கிள்ளினாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "முன்னாடி போங்க. வெயில் சாயறதுக்குள்ள போனீங்கன்னாதான் தண்ணி நீலமாத் தெரியும்," என்றாள். அவள் நன்றி சொல்லிக்கொண்டே ஓடினாள்.

"ஏம்மா கிள்ளின?"

"அவ கெட்டவ இல்லடீ."

"கெட்டவன்னு யார் சொன்னா?"

"உன் மூக்கு சொல்லுச்சு."

முகாம் வாசலில் டெல்மர் அண்ணன் காவலுக்கு நின்றான். அம்மாவின் தங்கை மகன். உள்ளே போகிறவர்களின் மணிக்கட்டில் காசு கட்டியதற்கான ஆரஞ்சுப் பட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அம்மாவைப் பையும் தொப்பியுமாகப் பார்த்ததும் வழியை மறித்துக்கொண்டான்.

"மேடம், பட்டை எங்க? பட்டை இல்லாம உள்ள விட முடியாது."

"உனக்குக் குண்டி கழுவி விட்ட கைடா இது. பட்டை வேணுமாம்."

"அதெல்லாம் சட்டத்துல இல்ல பெரியம்மா."

சிரித்துக்கொண்டே ஒரு பட்டையைக் கிழித்து அவள் மணிக்கட்டில் சுற்றினான். முனைகள் சேரவில்லை. இழுத்துப் பார்த்தான், சேரவில்லை. சிரிப்பு நின்றது. இன்னொரு பட்டையைக் கிழித்து இரண்டையும் ஒன்றாக ஒட்டி, இறுக்காமல் பதமாகக் கட்டிவிட்டான். பிறகு என்னைப் பார்க்காமல், "பைய இங்க வச்சுட்டுப் போங்க. நான் பார்த்துக்கிறேன்," என்றான்.

முகாமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேலருவியோடு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். முகாமைத் தாண்டினால் கீழருவி. அங்கே பாதை சட்டென்று முடிந்து, கீழே போக ஒரே வழிதான்: பாறையில் குடைந்த இருட்டுப் பொந்து, அப்புறம் செங்குத்துச் சுவரில் அடித்த சங்கிலிகள், கடைசியில் சாரலில் ஊறிய மர ஏணி. வலுவான பையன்களே அங்கே நின்று சாமி கும்பிடுவார்கள்.

"முடியாது. சத்தியமா முடியாது," என்றேன்.

"உன்னை வயித்துல வச்சுக்கிட்டே இறங்கியிருக்கேன். எங்கம்மா வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு அடிக்க வந்தா."

"அப்போ உனக்குக் காலுன்னு ரெண்டு இருந்துச்சு."

"இப்போ எனக்கு நீ இருக்க. முன்னாடி இறங்கு."

இறங்கினேன். வேறென்ன செய்வது? அவள் சுவரைப் பார்த்தபடி, சங்கிலியைப் பிடித்து, பின்பக்கமாக வந்தாள். பாறையில் கால் வைக்கக் கொத்திய குழி எங்கே என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு பாதத்தையும் கையில் வாங்கிக் குழியில் கொண்டுபோய் வைத்தேன். என் விரல் பதிந்த இடமெல்லாம் வீங்கிய தோல் பள்ளமாகி, மறுபடி நிரம்ப நேரம் எடுத்தது. "இடது கால விடு. விடும்மா, என் கை இருக்கு. இப்ப வலது." கீழிருந்து ஏற வேண்டியவர்கள் ஏணியடியில் வரிசையாகக் காத்து நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுவே எனக்கு இன்னும் கோபத்தை வரவழைத்தது. கோபப்படாவிட்டால் அழுதிருப்பேன்.

கீழே போய்ச் சேர்ந்தபோது இருவரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தோம். அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றித் தண்ணீருக்குள் காலை விட்டாள். அருவியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

"மெஷினுக்குன்னு மேல போனவங்கள்ல யாருடீ திரும்பி வந்தா? லொரேன் போனா, பெட்டியில வந்தா. எர்வின் போனான், அவனும் பெட்டியிலதான் வந்தான்."

"போகலன்னா இங்கயே பெட்டிதான். ரெண்டு வாரம், மூணு வாரம். நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், மூச்சு முட்டும். நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணும். என்கிட்ட அதைத்தானே கேக்குற? வாயத் திறந்து கேளு!"

இரைச்சலுக்காக மட்டும் நான் கத்தவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"எட்டாவது முடிச்சு உன்ன கலிபோர்னியாவுக்கு அனுப்பினேன், ஞாபகமிருக்கா?" என்றாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி; அதற்கு மேல் படிக்க வெளியூர் விடுதிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். "ஹெலிகாப்டர் கதவப் புடிச்சுக்கிட்டு ஏற மாட்டேன்னு அலறின. நான்தான் உன் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன்."

"அதை எதுக்கு இப்போ சொல்ற?"

"நீ வராதேன்னு என்கிட்ட யாரும் சொல்லல. ஒரு பைய மாட்டிக்கிட்டு நானும் உன் கூடவே ஏறியிருக்கலாம். அது எனக்குத் தோணவே இல்லடீ. பள்ளத்தாக்க விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நின்னுட்டேன்."

அந்தப் பள்ளி விடுதியில் தண்ணீர்ச் சத்தமே இல்லாமல் தூங்கத் தெரியாமல் கிடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் உன் கூட வரேன்," என்றேன். "கிங்மன்ல ஒரு அறை பார்த்திருக்கேன். ஜன்னல் ரோட்டுப் பக்கம். சகிக்காது. நீ தினமும் திட்டலாம்."

"வேலை?"

"ஊரெல்லாம் நோயாளிங்க. எனக்கா வேலை கிடைக்காது?"

அவள் உரக்கச் சிரித்தாள். சாரல் வாய்க்குள் போய் இருமினாள். நான் முதுகைத் தடவிவிட்டேன். ஈரச் சட்டைக்கடியில் அது அகலமாக, சூடாக இருந்தது. மூக்கில் களிம்பு பூசியிருந்த அந்தப் பெண் எதிர்க்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அம்மாவும் கையசைத்தாள். கொஞ்சம் தயங்கி, நானும்.

வெயில் சுவரில் பாதிக்கு ஏறிவிட்டது. அம்மா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துடைக்காமலே செருப்புக்குள் திணித்தாள். நான் குனிந்து வாரை மாட்டிவிட்டேன்.

"முடியுமா?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர்ல ஏறணும்னா முதல்ல இதுல ஏறணும்ல?" என்று ஏணிவரை நடந்தாள். மேலே அண்ணாந்து பார்த்தாள். சங்கிலிகள் சுவரோடு சுவராகப் போய், பொந்துக்குள் மறைந்தன. மேலே இறங்கக் காத்திருந்தவர்கள் எங்களைக் கண்டு விலகி நின்றார்கள். அம்மா முதல் படியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கினாள். அது படிவரை எட்டாமல் அந்தரத்தில் நின்றது.

நான் அவளுக்குக் கீழே போய்க் குந்தினேன். கனமான பாதம் என் தோளைத் தேடி, செருப்போடு வந்து அமர்ந்தது. தண்ணீர் என் முதுகில் வழிந்தது.

"புடிச்சுக்கிட்டியா?" என்று மேலிருந்து கேட்டாள்.

நான் மெல்ல எழுந்தேன்.