குடும்பத்தில் யாருக்காவது

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கேள்விக்காரி என்றுதான் பெயர். யாருக்குக் குடல் புற்றுநோய் வரக்கூடும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் அறை அவளுடையது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒரே பாட்டு: வயசென்ன, எடையென்ன, சிகரெட் உண்டா, குடி உண்டா, கறி அடிக்கடியா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. இருந்தது என்பவர்களுக்கு மட்டும் ரத்தம் எடுத்து மரபணுவும் பார்ப்பார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கே தேய்ந்துவிட்டது.

பயந்து வருகிறவர்களுக்கு முதலில் தன் கணக்கையே போட்டுக் காட்டுவாள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று தட்டுவாள். ஆபத்து குறைவு என்று திரை பச்சையாகும். "பாத்தீங்களா, இவ்வளவுதான்" என்பாள்.

அன்று கடைசி ஆளாக வந்தது அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை. டாக்டர் அனுப்பியிருந்தார். அத்தை முகம் வெளிறியிருந்ததால் வழக்கம்போலத் தன் கணக்கைப் போட்டாள்.

அத்தை திரையையே பார்த்தாள். "யாருக்கும் இல்லைன்னு ஏன்டி போட்ட?"

"அப்பா செத்தது காமாலையிலதானே அத்தை."

அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அது வெளிய சொன்னது. குடல்லதான் வந்துச்சு. ஈரலுக்குப் பரவினப்புறம்தான் கண்ணு மஞ்சளாச்சு. தெரிஞ்சா உன்னை யாரு கட்டுவா, உன் தம்பிக்கு யாரு பொண்ணு குடுப்பான்னு உங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இங்கயே வேலை பாக்குறவ, உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நானும் இருந்துட்டேன்."

நல்ல குடும்பம், போங்கள். கல்யாணங்கள் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தக் காமாலை மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதற்குள் தம்பி நினைவுக்கு வந்தான்.

போன மாதம் இதே நாற்காலியில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்றான். அன்றும் அவளுக்கு அலுப்பு. அவன் கணக்கைத் தட்டினாள், பச்சை வந்தது. "மூலம்டா. நாள் பூரா லாரியில உக்காந்திருந்தா வராம என்ன செய்யும்? கீரை சாப்பிடு, தண்ணி குடி" என்று அனுப்பிவிட்டாள். டாக்டரைப் பார்க்கட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றவளும் அவள்தான்.

அத்தையை உட்காரச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள்.

"சொல்லுக்கா."

"ரத்தம் நின்னுச்சாடா?"

"எங்க நிக்குது. இப்பக் கொஞ்சம் கூடத்தான் வருது. ஆளும் இளைச்சுட்டேன்னு வீட்டுல ஒரே புலம்பல். டாக்டர்கிட்ட போன்னு நச்சரிக்கிறா." அவன் களைப்பாகச் சிரித்தான். "எங்கக்காவே பாத்துச் சொல்லிட்டா, பேசாம இருடின்னுட்டேன்."