கோட்டு எடுத்த வகுப்பு

இயற்பியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கோட்டு. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவர் கோட்டைக் கழற்றியதில்லை. ஆங்கிலத்தையும் அப்படித்தான். காவலாளி வணக்கம் வைத்தால் 'குட் மார்னிங்' என்று திருத்துவார்.

அன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் புது விரிவுரையாளர் டிரான்ஸ்ஃபார்மர் பாடத்தைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள். கோட்டு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"திஸ் இஸ் எ காலேஜ். நாட் எ மார்க்கெட்."

"பசங்களுக்குப் புரியணும்ல சார்."

"நோ டமில் இன் மை டிபார்ட்மென்ட்!"

அதோடு விட்டாரா? பாடத்தையே அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் புத்தகத்தை அப்படியே முழங்கினார். பிள்ளைகள் கடமைக்குத் தலையாட்டினார்கள். லாரி மெக்கானிக்கின் மகள் மட்டும் எழுந்தாள்.

"சார், பேட்டரியிலேர்ந்து கரண்ட் குடுத்தா டிரான்ஸ்ஃபார்மர் ஏன் வேலை செய்யாது?"

"ஆஸ்க் இன் இங்கிலீஷ்."

"வொய் டிரான்ஸ்ஃபார்மர் இஸ் நாட் வொர்க் இன் பேட்டரி சார்?"

"டஸ் நாட் வொர்க்," என்று திருத்திவிட்டு, பதிலே சொல்லிவிட்டவர் மாதிரி பக்கத்தைப் புரட்டினார்.

அவள் உட்காரவில்லை. திருத்திய வாக்கியத்திலேயே மறுபடி கேட்டாள்.

"பிகாஸ் இட் இஸ் எ டிரான்ஸ்ஃபார்மர்!"

முன்பெஞ்சு அதையும் எழுதிக்கொண்டது.

மாலையில், ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, கோட்டு விரிவுரையாளரின் மேசைக்கு வந்தார். "ஏம்மா, பேட்டரியில அது ஏன் ஓட மாட்டேங்குது?" இத்தனை வருஷம் எங்கே பூட்டி வைத்திருந்தாரோ, தமிழ் தண்ணீராக ஓடியது.

"இங்கிலீஷ்ல கேளுங்க சார்."

அவர் முகம் செத்துப்போனது. அவளுக்குப் பரிதாபம் வரவில்லை. தெரியாததை மூடி மறைக்கத்தானா இத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்தார்? ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள்.

"பேட்டரி கரண்ட் ஒரே மாதிரி ஓடும் சார். அதனால காந்தப்புலமும் மாறாது. அது மாறினாத்தான் பக்கத்துச் சுருள்ல கரண்ட் பொறக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்னிக்கு நீங்க கதவைத் திறந்தப்போ இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

அடுத்த வகுப்பில் கோட்டு அதையே ஆங்கிலத்தில் ஒப்பித்தார், ஏதோ தன் சொந்தச் சரக்கு போல. மெக்கானிக்கின் மகள் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் அடுத்ததைக் கேட்டாள்: அப்படியானால் சுவிட்சைப் போடும் நொடியில் மட்டும் கரண்ட் வருமா?

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டிங் இருப்பதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

நிர்வாக வேலை அதிகமாகிவிட்டதாம், வாரக் கடைசியில் பாடம் விரிவுரையாளரிடமே திரும்பி வந்தது. மெக்கானிக்கின் மகள் அதே சுவிட்ச் கேள்வியைக் கேட்டதும் விரிவுரையாளர் நேராகக் கரும்பலகைக்குப் போனாள்.

"வரும். சுவிட்சைப் போடும்போது ஒரு வெட்டு வெட்டும், அப்புறம் அடங்கிடும். ஏன்னு இப்ப புரியுதா?"

"புரியுது மேடம்!"

"சரி, இதைப் பரீட்சையில இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னு பார்ப்போம்."

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த கோட்டு, காது கேட்காதவர் போல நடையை எட்டிப் போட்டார்.