இன்ஷிராஹின் கல்யாணம்

"இந்த வயசுல கல்யாணமா? தெருவுல நான் தலைகாட்ட வேண்டாமா?" என்று கேட்ட ஷவ்கி, தட்டைத் தள்ளி வைத்தான்.

அவன் தாய் இன்ஷிராஹ், வதக்கிய பூண்டை முலூகியாக் கீரைக் குழம்பில் கொட்டினாள். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும். நீயும் வந்துடு" என்றாள்.

அந்த அடுப்படிக்கு அவள் திரும்பி வந்து சில வாரங்கள்தான். கல்லீரலில் சி வைரஸ் என்று தெரிந்த அன்றே அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனிக் கரண்டி என்று ஷவ்கி ஒதுக்கிவிட்டான். சாப்பாட்டில் பரவாது, ரத்தத்தில்தான் பரவும் என்று டாக்டர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அவன் தந்தையையும் அதே நோய்தான் கொண்டுபோனது. அப்போதெல்லாம் வாரம் தவறாமல் ஊசி, கூடவே காய்ச்சலும் நடுக்கமும். அவ்வளவு பட்டும் வைரஸ் அசையவில்லை. இன்ஷிராஹ் மூன்று மாதம் மாத்திரை விழுங்கினாள், குணமாகிவிட்டாள்.

மாத்திரை வாங்கும் வரிசையில்தான் மித்வல்லியைப் பார்த்தாள். மினிபஸ் ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். இருவருக்கும் சின்ன வயதாக இருந்தபோது, கால்வாய்த் தண்ணீரில் தொற்றும் புழு நோய்க்கென்று ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரே ஊசியால் மருந்து ஏற்றினார்கள். ஆற்று டெல்டா ஊர்களில் வீட்டுக்கு வீடு வைரஸ் புகுந்தது அப்படித்தான்.

"ஒரே ஊசி, ஒரே ரத்தம். நாம எப்பவோ சொந்தமாயிட்டோம்" என்றார் மித்வல்லி. பல வருஷங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஷவ்கி விடவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி கட்டாயம்னு டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தியே, பாசிட்டிவ்னு வந்திருக்காம். லேப்ல வேலை பாக்கறவன் சொன்னான். நோய் இருக்கறவளுக்கு எதுக்குக் கல்யாணம்?"

"அது நோய் வந்துட்டுப் போன தடம்டா. சாகுற வரைக்கும் ரத்தத்துல இருக்கும். வைரஸைத் தேடற டெஸ்ட் வேற. அதுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் உன் முன்னாலதானே சொன்னாரு? அதைக் கேட்டுத்தானே என்னை அடுப்படிக்குள்ள விட்ட?"

அவன் தட்டை இன்னும் தள்ளி வைத்தான்.

"உங்களுக்குக் குழம்பு வெக்க நான் குணமானவ. கல்யாணம்னா மட்டும் நோயாளியா?" அவள் குரல் உயரவே இல்லை.

"எங்க புள்ளைங்கள யாரு பாத்துப்பா?" என்றான் கடைசியில். உள்ளே கிடந்த விஷயம் அதுதான்.

"பெத்தவங்க பாக்கட்டும்."

மருமகள் நஜாத் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால்தான் அவள் தையல் கம்பெனிக்குப் போய்வந்தாள். கணவன் சொல்லுக்குப் பயந்து மாமியாரின் கரண்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தவளும் அவள்தான். நேரே பால்கனிக்குப் போனாள். நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவையிட்டாள்.

"ஏய், என்ன பண்ற நீ?" ஷவ்கி பதறி எழுந்தான்.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து பதில் குலவை வந்துவிட்டது. ரொட்டிக் கடை வாசலில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"யாருக்குடி கல்யாணம்?" என்று கீழேயிருந்து ஒருத்தி கேட்டாள்.

"எங்க அத்தைக்கு. வெள்ளிக்கிழமை. எல்லாரும் வந்துடுங்க."

தெருவில் எல்லாத் தலைகளும் பால்கனியை நோக்கி நிமிர்ந்தன. பிறகு முன்னைவிட உரக்க எழுந்தது குலவை.