மேலே ஊற்றிய மூன்று கிராம்

அக்கா தங்கை பாசத்துக்கு விலை ஏது என்பார்கள். ஷாம்பு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பெரியவளைக் கேட்டிருந்தால், மூன்று கிராம் என்று தராசில் நிறுத்தே காட்டியிருப்பாள்.

பதினோரு வருடமாக அங்கே கலவை போடுகிறவள் அவள். தங்கையை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. இரண்டே வருடத்தில் மேலாளர் எதற்கெடுத்தாலும் "சின்னவளைக் கூப்பிடு" என்கிறார்.

இப்போது இருவர் கலவைக்கும் போட்டி. ஜெயிப்பது கடைக்குப் போகும். ஒரே தலையில் இடப்பாதிக்கு அக்காவுடையது, வலப்பாதிக்குத் தங்கையுடையது. முடிக்கு வழவழப்புத் தருவது தேன்போல் ஒழுகும் பாலிமர். நூறு கிராம் பாட்டிலுக்கு மூன்று கிராம் போதும். கூடிப்போனால் நல்ல முடி பிசுக்கேறிப் படிந்து தொங்கும். காலையில் ஆளில்லாத நேரம் பார்த்து, பெரியவள் தங்கையின் பாட்டிலில் இன்னொரு மூன்று கிராமை விட்டுக் கலக்கி, மூடியைத் துடைத்தும் வைத்தாள்.

எல்லாம் பார்த்தவள் தலையைத்தான் பார்க்கவில்லை. சோதனைக்குத் தலை கொடுக்க வழக்கமாக வருகிறவள் சாயமே அறியாத கூந்தல்காரி. அன்று அவளுக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்த தையல்காரியோ மூன்று முறை ப்ளீச் போட்டு முடியை வெளுத்தவள். பார்த்ததும் பெரியவளுக்குத் தன் கணக்குத் தப்பியது புரிந்தது. வெந்துபோன முடிக்குப் பாலிமரைக் காட்டுவது, பட்டினி கிடந்தவனைப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி. போடப் போட இழுத்துக்கொள்ளும்.

அலசிக் காயவைத்ததும், தீர்ப்புச் சொல்ல வந்திருந்த சலூன்காரர் சீப்பை வைத்தார். "வலப்பக்கம் சீப்பு நிக்கவே மாட்டேங்குது. இடப்பக்கம் வைக்கோப்போரு. மாடு பாத்தா விடாது."

"பாதித் தலையோட போனா எங்க வீட்டுக்காரர் பாதிப் பேச்சுதான் பேசுவாரு," என்றாள் தையல்காரி. "இந்தப் பக்கத்துக்கும் அதையே போட்டு விடுங்களேன்!"

மேலாளர் சின்னவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கே பெரிய தொட்டியில ஓட்டிடலாம்மா."

பெரியவளும் சிரித்தாள், பல்லால் மட்டும்.

சாயங்காலம் சின்னவள் இருப்பு நோட்டோடு வந்தாள். "அக்கா, பாலிமர் கேன்ல மூணு கிராம் குறையுது. மூணுக்கு இவ்வளவு வழுக்காதேன்னு அப்பவே நெனச்சேன். நான்தான் மறதியில ரெண்டு தடவ ஊத்திட்டேன் போல. ஆறுன்னே எழுதிடறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் ஜெயித்த ஆறும் அவள் பெயரிலா? பாராட்டுத்தான் போயிற்று, தான் செய்த களவாணித்தனத்துக்கும் அவளுக்கே பேரா? பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

"பேனாவக் குடுடி."

"ஏங்க்கா?"

"மேல் மூணு நான் ஊத்துனது. உன்னக் கவுக்கத்தான் ஊத்துனேன். அதுக்காக என் மூண உனக்குத் தூக்கிக் குடுத்துடுவேனா?"

"அடிப்பாவி!" என்றாள் சின்னவள். பிறகு நோட்டை அக்கா பக்கம் தள்ளினாள். "எழுது. கையெழுத்தும் போடு."

பெரியவள் அழுத்தி எழுதினாள்: சின்னவள் 3. பெரியவள் 3. ஆக 6. இருப்பு சரி.