நேர்ச்சைக் கறி

பரிசுத்த ஆவி திருவிழாவில் என்னை மேடைக்குக் கூப்பிடப் போவதாக ஜில்பெர்த்து அரூடா சொல்லியிருந்தார். ஒடீலியாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால் போதுமாம்.

ஒடீலியா என் மனைவி. பிப்ரவரியில் மீன் ஆலையின் குளிர் அறையில் அம்மோனியா கசிந்து இறந்தாள். அதை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவுக்கு ஜில்பெர்த்துதான் தலைவர். இப்போது வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுகிறார்.

ஒன்பது வயதில் போர்ச்சுக்கலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். அப்பா மீன் வெட்டினார், அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் இவரும் கத்தி பிடித்தார். பிறகு சட்டப் படிப்பு, நகர மன்றம், சட்டமன்றம். இந்தத் துறைமுகத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. பொய்யில்லை. உண்மையை எதற்கு இத்தனை தடவை சொல்கிறார் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

"ஆலை மொதலாளி மூஞ்சியக்கூட நான் பாக்கல தம்பி. விசாரணை முடியிற வரைக்கும் பாக்கவும் மாட்டேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

திருவிழாவில் இந்த வருட நேர்ச்சை, அதாவது வேண்டுதல் விருந்து, அவருடையது. ஊருக்கே மாட்டிறைச்சிச் சாறும் ரொட்டியும் போட வேண்டும். நேர்ச்சைக்காரர் தன் கையிலிருந்துதான் செய்ய வேண்டும். அடுத்தவர் தயவில் செய்தால் அது நேர்ச்சை இல்லை.

காலையில் மண்டபத்துச் சமையலறையில் நான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். தேவோலிண்டா அத்தை அண்டாவைத் திறந்து மூக்கைச் சுளித்து, கூடச் சமைத்த பெண்ணிடம் திரும்பினார்.

"ஏண்டி நத்தாலியா, இது மாடா மீனா?"

"கடல்ல மேஞ்ச மாடு போல."

"சிரிக்காத. புதினாவ இன்னும் ரெண்டு கட்டு போடு. பெரிய மனுஷன் வீட்டு நேர்ச்சை, வாய மூடிட்டுக் கிண்டு."

நான் அகப்பையில் எடுத்து முகர்ந்தேன். ஆலைக் குளிர் அறையிலிருந்து ஒடீலியாவின் கம்பளிச் சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்த அதே வாடை. மண்டபத்துக் குளிர்பெட்டி பழுதாகியிருக்கலாம். யாராவது மீன் பெட்டியில் கறியைப் போட்டுவைத்திருக்கலாம். எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

பூசை முடிந்து, பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் ஊர்வலமாக வந்து, பந்தி தொடங்கியது. ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. நான் எழவில்லை.

"எந்திரிப்பா, ஒன்னத்தான் கூப்பிடறாங்க" என்று அத்தை முழங்கையால் இடித்தார்.

"பாவம், துக்கம் தாங்கல" என்றார் மேடையிலிருந்த ஜில்பெர்த்து. அப்படியே அப்பாவின் மீன் கத்திக் கதைக்குப் போய்விட்டார். கைதட்டல்.

பேசி முடித்ததும் இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தார். அத்தை அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போனார்.

"என்ன தம்பி, ஒடம்பு சரியில்லையா?"

"கறி மீன் வாடை அடிக்குதுண்ணே."

அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"இத்தன கறிய நான் எங்க கொண்டுபோய் வைக்க? மொதலாளி எடம் குடுத்தாரு, அவ்வளவுதான். கெட்ட மனுஷன் இல்லப்பா. ஒனக்கும் ஏதாவது செய்யணும்னுதான் சொல்லிட்டிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

அவர் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"இப்ப பேசறேண்ணே" என்று சொல்லிவிட்டு மேடைக்கு நடந்தேன்.