முன்னால் போகிறவள்

மாரித்துக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. அதை அவளே சொன்னாள், போன ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு காலை போனில், கோப்பிக்குச் சீனி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல.

"இப்போதே குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலத்தான் தெரிகிறது. வருகிற குளிர்காலம் முடிவதற்குள் அதுவும் போய்விடும் என்கிறார் டொக்டர். அதற்கு முன் ஒரேயொருமுறை, நாங்கள் சந்தித்த அந்த மலையில் பனியில் சறுக்கி இறங்கவேண்டும். மயூரி, நீ எனக்கு முன்னால் போவாயா?"

"போவேன்" என்றேன். யோசிக்காமல் வாக்குக் கொடுப்பதில் என்னை வெல்ல ஆளில்லை.

மாரித் நோர்வேக்காரி. எங்களோடு மூன்றாவது ஆளாக யூகோ இருக்கிறாள், யப்பானில் நேர்ஸ். பதினான்கு வருடங்களுக்கு முன் இருவரும் ரொறன்ரோவில் படிக்க வந்திருந்தார்கள். கொலிங்வூட் பக்கத்து மலையில், வாடகை ஸ்கீப் பலகையோடு விழுந்து எழும்ப முடியாமல் கிடந்த என்னை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கியது அவர்கள்தான். அதை மலை என்று சொன்னால் மாரித் இன்றைக்கும் சிரிப்பாள். நான் எட்டு வயதில் கனடாவுக்கு வந்தவள். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பனி என்பது வாசலில் இருந்து வழித்து எறிகிற சாமான், அவ்வளவுதான். அதன்மேல் சந்தோசமாக நிற்கலாம் என்று எனக்குக் காட்டியவள் மாரித்.

அவர்கள் திரும்பிப் போனபிறகும் ஞாயிறு காலை ஏழு மணி வீடியோக் கோல் நின்றதில்லை. எனக்கு விடியும் நேரம், மாரித்துக்கு மத்தியானம், யூகோவுக்கு இரவு. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

பார்வை குறைந்தவர்கள் ஸ்கீயில் இறங்கும்போது வழிகாட்டி ஒருவர் முன்னால் போகவேண்டும். இருவருடைய ஹெல்மெற்றுக்குள்ளும் மைக் இருக்கும். முன்னால் போகிறவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே போவார்: இடம், வலம், கட்டிப்பனி, பள்ளம், ஆள் விழுந்து கிடக்கிறார். செப்ரெம்பரில் நான் சேர்ந்த வழிகாட்டிப் பயிற்சியில் முதல் நாளே ஒரு விதி சொன்னார்கள். வழிகாட்டியின் குரல் நின்றால், பின்னால் வருகிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிடவேண்டும். மௌனம் என்றால் ஆபத்து. நான் அதைக் கொப்பியில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

பயிற்சிக்கு நேரம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். நான் பிறம்ரனில் ஒரு பெரிய வெயர்ஹவுசில் டிஸ்பாச்சர். ஒரு நாளைக்கு எழுபது ட்ரக். எது எந்தக் கதவுக்கு, யார் எங்கே சிக்கியிருக்கிறார், யாருக்கு நித்திரை வந்துவிட்டது, எல்லாம் என் காதில்தான் வந்து விழும். அஜக்ஸ் வீட்டில் இருந்து காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால்தான் 401 நெடுஞ்சாலை என்னை மன்னிக்கும். ஆகவே வேலைக்குள்ளேயே பழகினேன். ஹெட்செற்றில் பேசிக்கொண்டே சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரை இல்லாமல் கதிரையில் இருப்பதுபோல இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேல்தட்டுக்குப் போகும் இரும்புப் படியில் இருபது தரம் ஏறி இறங்கினேன். "அக்கா ஒலிம்பிக்குக்குப் போறாவாம்" என்று கீழே நின்று கஜீவன் நக்கலடிப்பான். பெட்டி ஏற்றுகிறவன், வாய்க்காரன்.

குரலையும் பழக்கவேண்டும் அல்லவா? அதற்கு அம்மாதான் அகப்பட்டா. ஒக்ரோபர் கடைசியில், அஜக்ஸ் ஏரிக்கரை நடைபாதையில், சால்வையால் கண்ணைக் கட்டிவிட்டேன்.

"நாப்பது வயசில உனக்கேன் பிள்ளை உந்த வேலை?"

"நடவுங்கோ அம்மா. நேர. நேர. இப்ப கொஞ்சம் வலப்பக்கம்."

முன்னால் ஒரு குட்டை கிடந்தது. தண்ணீர் என்று சொன்னால் பதறிவிடுவா என்று நினைத்து, சொல்லாமலே சுற்றிக் கூட்டிப்போகப் பார்த்தேன். அம்மா நேராக அதற்குள் காலை வைத்தா.

"தண்ணி கிடக்குதெண்டு சொல்ல உனக்கென்ன வாயில்லையே?"

"நீங்கள் பயந்திடுவியள் எண்டு..."

"பயந்திருந்தா நிண்டிருப்பன். இப்ப பார், சப்பாத்தெல்லாம் ஊறிப்போச்சு."

வீட்டுக்கு வரும்வரை சப்பாத்து சளக் சளக் என்றது. அம்மாவும் ஓயவில்லை.

நவம்பர் இருபத்தேழு, வியாழக்கிழமை. தள்ளுபடி விற்பனை வாரம், வருடத்திலேயே எங்களுக்கு மோசமான கிழமை அது. இரண்டு ட்ரக் ஒரே கதவுக்கு வந்து நிற்க, மேல்தட்டில் இருந்து இறங்கி ஓடினேன். கடைசிப் படியில் யாரோ சப்பாத்தில் கொண்டுவந்த ஈரப்பனி. வலது முழங்கால் உள்ளுக்குள் திரும்பிய சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்றார் டொக்டர். மார்ச் வரைக்கும் ஸ்கீயைத் தொடக்கூடாது.

மாரித் ஜனவரி இருபத்துநாலுக்கு விமான ரிக்கெற் போட்டிருந்தாள்.

அன்றைக்கு அம்மா ஐஸ் பையைக் காலில் கட்டிவிட்டுச் சொன்னா: "இப்ப உந்தக் கால் கதையை ஏன் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறாய்? கண்ணும் தெரியாமல், அவ்வளவு தூரத்தில இருந்துகொண்டு என்ன செய்யப்போறாள்? அழத்தான் போறாள். வரட்டும். வந்தாப்பிறகு சொல்லுவம்."

எங்கள் வீட்டு வழக்கம் இது. பாரிசில் இருக்கும் மாமாவுக்கு அவருடைய தாய் இறந்ததை ஐந்து நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அந்தக் கிழமை அவர் ட்ரக்கோடு ஸ்பெயின் பக்கம் போயிருந்தார், தனியாக என்ன செய்வார் என்றுதான். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு நல்லதை மட்டும் சொல்லுவோம். இதை நாங்கள் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கரிசனை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நான் அம்மாவின் தலையில் பழியைப் போடப்போவதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. கால் தானாகச் சரிவரும் என்று நம்ப ஆசையாக இருந்தது. முடியாது என்ற சொல்லை மாரித்திடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

நவம்பர் முப்பது, ஞாயிறு. இடுப்புக்குக் கீழே தெரியாதபடி போனை மேசையில் நிறுத்தி வைத்தேன்.

"பயிற்சி எப்படி?"

"நல்லாப் போகுது."

யூகோ இடையில் கேட்டாள். "நானும் வரட்டுமா? எனக்கும் வழிகாட்டத் தெரியும், இங்கே இரண்டு சீசன் செய்திருக்கிறேன். உனக்கு வேலை கூடிப்போனால் நான் மாறிச் செய்யலாம். ஆனால் லீவு இந்தக் கிழமையே கேட்கவேண்டும்."

"வேண்டாம் யூகோ. நான் இருக்கிறேன்தானே."

இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

மாரித் அப்படி இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இந்தக் கிழமை பஸ் நம்பர் வாசிக்க முடியவில்லை. இந்தக் கிழமை தம்பியின் முகத்தைக் குரல் கேட்டபிறகுதான் கண்டுபிடித்தேன். ஜனவரி நாலாம் திகதி, "வலது கண் முடிந்துவிட்டது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, "சரி, உன் கதையைச் சொல்லு" என்றாள். ஐஸ் பை என் முழங்காலில் உருகி நிலமெல்லாம் தண்ணீராக இருந்தது. நான் பனி நல்லா விழுந்திருக்கிறது என்று சொன்னேன்.

மலையில் இன்னொரு வழிகாட்டியைப் பிடிக்க ஆறு கிழமைக்கு முதல் கேட்கவேண்டும். அந்த நாளும் டிசம்பரில் என் கண்முன்னாலேயே வந்து போனது.

சொன்ன திகதியில், பியர்சன் விமான நிலையத்தில் ஒரு பணியாளர் அவளைக் கையில் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். வெள்ளைத் தடி, முதுகில் பை. கட்டிப்பிடித்தாள். எவ்வளவு மெலிந்திருந்தாள்! நான் கையை நீட்ட, அவள் தள்ளிவிட்டாள்.

"கை வேண்டாம். முன்னால் போய்ப் பேசு. இப்போதே பழகுவோம்."

"நேராக வா. இடப்பக்கம் ஒரு குடும்பம், நிறையப் பெட்டி. வலப்பக்கம் தூண். நேரே. நேரே."

வந்தாள், தயங்காமல். என் குரலை அவ்வளவு நம்பி வந்தாள்.

"மயூரி, உன் கால் ஏன் இழுபடுகிறது? ஒரு காலடி சத்தமாகவும் மற்றது மெதுவாகவும் கேட்கிறதே."

என்ன சொல்வது என்று தெரியாமல் வாயை மூடினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் சனத்துக்கு நடுவில் அசையாமல் நின்றாள். பின்னால் வந்த வண்டில் ஒன்று அவளுடைய பையில் முட்டியது. ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போனார். அவள் அசையவில்லை.

"குரல் நின்றது. அதனால் நின்றேன்" என்றாள். "சொல்லு, முன்னால் என்ன?"

சொன்னேன். படி, சவ்வு, மார்ச் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே நின்று சொன்னேன். அவள் விரல்களை மடித்து எண்ணினாள்.

"எட்டு ஞாயிற்றுக்கிழமை."

"உனக்குக் கவலை தரக்கூடாது என்று..."

"கவலை என்னுடையது, மயூரி. அதை ஏன் நீ எடுத்து ஒளித்து வைத்தாய்? டிசம்பரில் எனக்குச் சரிவின் ஓரம் இன்னும் தெரிந்தது, அப்போதே இறங்கியிருக்கலாம். யூகோ வர ஆயத்தமாக இருந்தாள். என் தம்பி, அங்கேயே தன்னோடு இறங்க வா வா என்று கேட்டான். நான்தான், மயூரி காத்திருக்கிறாள் என்று சொன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க மலைக்கும் தெரிந்தவர்களுக்கும் போன் அடித்தேன். அவள் இங்கே நிற்கும் நாட்களில் ஒரு வழிகாட்டியும் இல்லை. அம்மா சோறும் கோழிக்கறியும் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் சாப்பிடு பிள்ளை" என்று மாரித்திடம் தமிழிலேயே சொன்னா. மாரித் சாப்பிட்டாள். என்னோடு மட்டும் அதிகம் பேசவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. "மலைக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றாள். இரண்டு மணித்தியாலம் காரில் ஓடினோம். அடிவாரத்தில் ஒரு மர வாங்கில் அமர்ந்திருந்தோம். மேலே இருந்து இறங்குகிறவர்களின் ஸ்கீ பனியைச் சுரண்டும் சத்தத்தை அவள் தலையைச் சரித்துக் கேட்டாள். இது போதும் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். என் மனம் அப்படி ஒரு மன்னிப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"போதாது" என்றாள். "கொஞ்சமும் போதாது."

எழும்பினாள். "ஓரத்தால் நடந்து ஏறுவோம். நீ முன்னால். நல்லதை மட்டும் சொல்லாதே."

கயிறு கட்டிய ஓரத்தால் ஏறத் தொடங்கினேன். "இடப்பக்கம் கயிறு. முன்னால் கட்டிப்பனி, வழுக்கும். அதைத் தாண்டினால் ஒரு குழி, முழங்கால் அளவு. அடுத்த அடி செங்குத்து, எனக்கே பயமாக இருக்கிறது." சொல்லச் சொல்ல அவள் தடியை ஊன்றி வந்தாள். குளிரில் அவளுடைய மூச்சு என் பின்னால் கேட்டது. எனக்கு முழங்காலுக்குள் கத்தி இறங்கியது.

"வலிக்கிறதா?"

இல்லை என்ற சொல் உதடுவரைக்கும் வந்துவிட்டது. அது எனக்கு அவ்வளவு பழக்கம்.

"வலிக்கிறது" என்றேன். "நல்லா வலிக்கிறது, மாரித்."

"அப்படியென்றால் நிற்போம்."

நின்றோம். பதினொரு காலடிதான் ஏறியிருந்தோம். மேலே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். நான் அண்ணாந்து பார்த்து, ஒன்றும் விடாமல் முழுவதையும் சொன்னேன்.